தீர்த்தம் தெளித்த டிரம்

ஊத்துக்குளி
6.10.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி மகுடேஸ்வரன் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாக என் போனை நீங்கள் எடுக்கவில்லை. கீர்த்தனாவிடம் சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் அவள் இப்போது உங்கள் வீட்டு மருமகள். வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண்ணின் வாயில் இந்தப் பேச்சை வைத்து அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதனால் கூரியரில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில், உங்கள் ஸ்டோர் கீப்பர் கன்னையனும் இன்னும் நாலு பேரும் நிற்கும்போது, "தீ வெச்சது நீங்கதானுங்க சம்பந்தி" என்று சத்தம் போட்டுவிட்டேன். சத்தம் போட்டது தப்பு. சொன்னது தப்பில்லை. அதைத்தான் இப்போது நிதானமாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

விஜயதசமி விடுமுறையில் உங்கள் சாயப்பட்டறையில் காவலுக்கு இருந்தது ஒடிசாக்காரப் பையன் பிகாஷ் ஒருவன்தான். ஸ்டோர் ரூமில் ஒரு டிரம் எரிந்தது. அவன் அதை வெறுங்கையால் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தான். இரண்டு உள்ளங்கையும் வெந்துபோனது. மறுநாள் நீங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது என்ன? அவன் ஸ்டோருக்குள் பீடி குடித்தான், அதனால் தீப்பிடித்தது என்று. டிஸ்சார்ஜ் ஆனதும் நேராகக் கூட்டிக்கொண்டு போவதற்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். இது எனக்குப் பொறுக்கவில்லை.

அவனிடம் நான் பேசினேன். "பீடி இல்ல சார்" என்று கீழுதட்டை இழுத்துக் காட்டினான். புகையிலை அடக்கிக் கறுத்த ஈறு. எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். "மொதல்ல வாசன சார். தீக்குச்சி வாசன. கண்ணு எரியுது. அப்புறம்தான் பொக" என்றான்.

சம்பந்தி, அவன் சொன்ன வரிசையைக் கவனியுங்கள். பீடியால் பிடிக்கிற தீ முதலில் புகையும். இது முதலில் நாறியிருக்கிறது. தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறுகிற அந்த நெடி கந்தகத்துடையது. உங்கள் ஸ்டோரில் கந்தகம் எதில் இருக்கிறது? ஹைட்ரோஸில். தப்பிப்போன சாயத்தைத் துணியிலிருந்து உருவ எடுப்பீர்களே, அந்த வெள்ளைப் பொடி. சோடியம், கந்தகம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தது. அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் பட்டால் போதும், தானாகச் சூடேறும். வேறு நெருப்பே வேண்டாம்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? முந்தின நாள் ஆயுத பூஜை. மலைக்கோயிலிலிருந்து நீங்கள் கொண்டு வந்த தீர்த்தத்தை மாவிலையால் மெஷின் மெஷினாகத் தெளித்துக்கொண்டு போனீர்கள். பிறகு ஸ்டோருக்குள் போனீர்கள். அங்கே எல்லா டிரம்மும் மூடி திறந்திருந்தது என்று கன்னையன் சொல்கிறார்.

பையனை விடுவியுங்கள். அதற்கு மேல் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுமில்லை.

அன்புடன்,
சாமியப்பன்


அருள்புரம்
8.10.2025

சம்பந்தி அவர்களுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆபீஸில் டைப் பண்ணச் சொன்னால் நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும். அதனால் கையாலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது பழக்கம்தானே.

தண்ணீரால் தீப்பிடிக்கும் என்று சொல்கிற முதல் மனிதரை நான் சம்பந்தியாக எடுத்திருக்கிறேன். என்னுடைய தொழிலே தண்ணீர்தான். டேங்கர் டேங்கராக இறக்குகிறேன். அந்த ஹைட்ரோஸைத் தினமும் தண்ணீருக்குள்தான் கொட்டுகிறோம். இத்தனை வருஷத்தில் ஒரு மெஷின் எரிந்திருக்கிறதா? மெஷின் நிறையத் தண்ணீரில் எரியாதது மாவிலைச் சொட்டில் எரிந்துவிட்டதாம். இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நம்பலாம். அவர்களுக்கு மார்க் வேண்டும்.

மூடி திறந்திருந்தது என்கிறீர்கள். ஆமாம், திறக்கச் சொன்னது நான்தான். பூஜை அன்று எங்கள் ஊட்டில் மூடி வைத்த பாத்திரம் ஒன்று இருக்காது. அரிசிக் குதிர், உப்புச் சாடி, எண்ணெய்க் குடம் எல்லாம் திறந்துதான் இருக்கும். மூடிக் கிடந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று சாமி நினைத்துக்கொள்ளும் என்பது எங்கப்பா சொன்னது. தறிக்குடோனில் ஆரம்பித்த அவர் காலத்திலிருந்து அப்படித்தான். பட்டறையிலும் அப்படித்தான். உப்பு, சோடா, ஹைட்ரோஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, தீர்த்தம் தெளித்து, அப்புறம்தான் மூடி போட்டோம். இத்தனை வருஷம் எரியாதது இந்த வருஷம் எரிந்ததற்குப் புதிதாக வந்தது என்ன? அந்தப் பையன்தான் புதிது.

ஸ்டோரில் தீப்பெட்டி கிடந்தது. என் கண்ணால் பார்த்தேன். பீடி குடிக்காதவனுக்குத் தீப்பெட்டி எதற்கு?

இன்னொன்று கேட்கிறேன். அன்றைக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். கை நீட்டித் தீர்த்தம் வாங்கினீர்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவர் அப்போது எங்கே போயிருந்தீர்கள்? தீ அணைந்த பிறகு வந்து பாடம் நடத்த எல்லாராலும் முடியும்.

ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என்னுடையது. அதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாலு வேலைக்காரர்கள் முன்னால் என்னைத் தீ வைத்தவன் என்று சொன்னவர் வீட்டுக்கு என் மகன் தரணீதரன் தலை தீபாவளிக்கு வருவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாமி தண்ணீரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அவனுக்கு என்ன தலையெழுத்து?

மகுடேஸ்வரன்


ஊத்துக்குளி
10.10.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழை எதுவும் இல்லை, கோபத்தைத் தவிர. கோபம் எனக்கும் இருக்கிறது, ஆகையால் அதையும் திருத்தவில்லை.

நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பட்டறை வாசலில் உங்கள் வீட்டுப் பெண்களோடு பொரிகடலை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் தெளித்துவிட்டு வந்து கடைசியில் எனக்கு நீட்டினீர்கள். ஸ்டோர் ரூமை நான் பார்த்ததே தீக்குப் பிறகுதான். பார்த்திருந்தால் சாமிக்கு முன்னால் கத்தியிருப்பேன். நீங்கள் அன்றைக்கே போனை எடுக்காமல் இருந்திருப்பீர்கள்.

மெஷின் ஏன் எரியவில்லை என்ற கேள்விதான் உங்கள் கடிதத்தில் சிறந்தது. என் வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டியிருப்பேன். பதிலை நீங்களே உங்கள் வீட்டில் பார்த்திருக்கிறீர்கள். வெள்ளையடிக்கக் கல்சுண்ணாம்பு தாளிப்பார்களே, நினைவிருக்கிறதா? கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தால் சீறி, வெடித்து, ஆவி கிளம்பும். கையை வைக்க முடியாது. அதே கல்லைத் தொட்டி நிறைந்த தண்ணீரில் போட்டால் தொட்டி லேசாக வெதுவெதுக்கும், அவ்வளவுதான். சூடு இரண்டு இடத்திலும் ஒன்றே. நிறையத் தண்ணீர் அதை வாங்கிப் பரப்பிக்கொள்கிறது. ஒரு கை தண்ணீரால் வாங்கிக்கொள்ள முடியாது. அது கால்சியம், இது சோடியமும் கந்தகமும். ஆனால் கணக்கு ஒன்றுதான். மெஷினில் இருப்பது தொட்டித் தண்ணீர். டிரம்மில் நீங்கள் விட்டது கைத் தண்ணீர். விட்டபின் மூடியும் போட்டுவிட்டீர்கள். உள்ளே பிறந்த சூடு வெளியே போக வழியில்லாமல் இரவெல்லாம் பெருகியிருக்கிறது.

இத்தனை வருஷம் எரியவில்லையே என்கிறீர்கள். எப்போதும் பூஜைக்கு முன் ஹைட்ரோஸ் தீர்ந்து வெறும் டிரம்தான் இருக்குமாம். இந்த வருஷம் ஆர்டர் தள்ளிப்போனதால் நிறை டிரம் நின்றதாம். புதிதாக வந்தது பையன் மட்டுமில்லை. கன்னையனைக் கேளுங்கள்.

ஒரே தனிமம் கூட்டாளி மாறினால் குணம் மாறும் என்பதை நான் வருஷா வருஷம் சொல்லிக் கொடுத்தேன். சோடியத்தைத் தனியாக எடுத்தால் எங்கள் ஊர் வெண்ணெய் மாதிரி கத்தியால் அறுக்கலாம். தண்ணீரில் போட்டால் பற்றி எரியும். குளோரின் மூச்சை அடைத்துக் கொல்லும் வாயு. இரண்டும் சேர்ந்தால் உங்கள் முற்றத்தில் மலையாகக் குவிந்திருக்கிற உப்பு. அதன் மேல் குடம் குடமாகத் தீர்த்தம் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது, கரையும். சோடா உப்புக்கும் ஒன்றும் ஆகாது. வரிசையாக நிற்கிற வெள்ளைப் பொடிகளில் ஒன்றே ஒன்று மட்டும் கோபக்காரப் பொடி. சாமிக்கு எல்லாம் ஒன்றுதான். தண்ணீருக்கு அப்படி இல்லை.

தீப்பெட்டிக்கு வருகிறேன். அன்றைக்கு ஸ்டோரில் சூடம் ஏற்றியது யார் என்று கன்னையனைத் தனியாகக் கேட்டேன். "நாந்தானுங்க ஏத்துனேன். தீப்பெட்டிய அங்கயே வெச்சுட்டு வந்துட்டனுங்க. மொதலாளிகிட்ட எப்படிங்க சொல்றது, அவரு ஸ்டேஷனுக்கே போயிட்டு வந்துட்டாரு" என்றார். அவர் மேல் கோபப்படாதீர்கள். உங்கள் கோபத்துக்குப் பயந்துதான் அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு பையனின் வாழ்க்கை அந்த மூடிய வாய்க்குள் கிடக்கிறது.

அந்த டிரம்முக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று யோசித்தீர்களா? பெராக்சைடு கேன்கள். ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கிற சரக்கு. தீ அங்கே போயிருந்தால் உங்கள் பட்டறை மட்டுமில்லை, அந்த வீதியே இருந்திருக்காது. அதை இழுத்து வெளியே கொண்டு வந்தவன்தான் உங்கள் புகாரில் குற்றவாளி.

என்னை நம்ப வேண்டாம். நீங்களே செய்து பாருங்கள். திறந்த முற்றத்தில், பழைய இரும்பு வாணலில் ஹைட்ரோஸைக் குவியலாகப் போடுங்கள். மேலே கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். ஹோஸ் பைப்பைத் திறக்கத் தயாராக ஆள் நிற்கட்டும். அணைக்க வேண்டும் என்றால் கொஞ்சம் ஊற்றாதீர்கள், வெள்ளமாக ஊற்றுங்கள்.

தீபாவளி விஷயத்தைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும். எண்ணெயும் சீயக்காயும் காத்திருக்கும். பிகாஷ் காத்திருக்க முடியாது.

சாமியப்பன்


அருள்புரம்
13.10.2025

சம்பந்தி அவர்களுக்கு,

செய்தேன்.

குழாய்த் தண்ணீர் எடுக்கவில்லை. பூஜை அறையில் செம்பில் மீதித் தீர்த்தம் இருந்தது. அதைத்தான் எடுத்துப் போனேன். தண்ணீர் என்ன செய்தாலும் தீர்த்தம் அதைச் செய்யாது என்று உங்களுக்கு எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

ஊற்றியதும் ஒன்றும் ஆகவில்லை. கன்னையனைப் பார்த்துச் சிரித்தேன். "வாத்தியாருக்குப் போனைப் போடுய்யா" என்றேன். அவன் போனை எடுப்பதற்குள் குவியலில் ஒரு இடம் மஞ்சளாகிப் பொங்கியது. பிறகு அந்த நெடி. விஜயதசமி அன்று நான் ஓடி வந்தபோது பட்டறை முழுக்க இருந்த அதே நெடி. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ஓரத்தில் நீலமாகத் தீ ஓடுகிறது. செம்பு என் கையில் இருந்தது.

ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்கிவிட்டேன். மின்கசிவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பையனை யாரும் தொட மாட்டார்கள். நீங்கள் கேட்டது அதுதானே? நடந்துவிட்டது. இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

மகுடேஸ்வரன்


ஊத்துக்குளி
14.10.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் தீர்த்தத்தை எடுத்துச் செய்து பார்த்தது பெரிய காரியம். அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட ஆரம்பிக்கிறேன்.

மின்கசிவா?

நம் பக்கத்தில் எது எரிந்தாலும் மின்கசிவு. குடோன் எரிந்தால் மின்கசிவு, குப்பை எரிந்தால் மின்கசிவு. எந்த மின்கம்பியும் எழுந்து வந்து நான் இல்லை என்று சொல்லாது என்கிற தைரியம். சம்பந்தி, தீபாவளிக்கு மத்தாப்பு வாங்குவீர்கள். பச்சையாக எரிந்தால் அதில் பேரியம் இருக்கிறது. சிவப்பு என்றால் ஸ்ட்ரான்ஷியம். மஞ்சள் நம்முடைய பழைய சோடியம். பளீரென்ற வெள்ளை அலுமினியமோ மக்னீசியமோ. ஒரு தனிமமும் இன்னொன்றின் பெயரில் எரிவதில்லை. நெருப்புக்குள் போனாலும் தான் யார் என்று காட்டிவிடும். மனிதர்கள் நாம்தான் எரிந்ததை ஒன்றாகவும் எழுதுவதை வேறாகவும் வைத்துக்கொள்கிறோம்.

பையனை யாரும் தொட மாட்டார்கள் என்கிறீர்கள். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அவனை அறையில் கொண்டுவிட்டது நான்தான். போலீஸ்காரர் எழுந்து போய்விட்டார், உண்மை. ஆனால் அவனோடு அறையில் தங்கியிருந்த இரண்டு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். தீ வைத்தவனோடு படுக்க மாட்டார்களாம். உங்கள் பட்டறையில் துணி மடிக்கிற குப்பாயி அம்மா வீதியிலேயே சொன்னார்: "மொதலாளி நல்லவரு, பாவம்னு கேஸ வாபஸ் வாங்கிட்டாரு. இல்லாட்டி இவனெல்லாம் கம்பி எண்ணோணும்." கேட்டீர்களா? உங்கள் மின்கசிவு உங்களை வள்ளலாக்கிவிட்டது. அவனை மன்னிக்கப்பட்ட குற்றவாளியாக ஆக்கிவிட்டது.

அவன் ஊருக்கும் செய்தி போய்விட்டது. ஒரே ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இங்கே வேலை செய்கிறார்கள் அல்லவா? அவனுடைய அம்மா தினமும் போன் போட்டு நிஜமாகவே நீ பீடி குடித்தாயா என்று கேட்கிறாராம். கை இரண்டிலும் கட்டு. போனை யாராவது காதில் வைத்துப் பிடித்தால்தான் அவன் பேச முடியும். பிடிக்கவும் ஆள் இல்லை.

புகாரை எழுத்தில் கொடுத்தீர்கள், எழுத்தில் வாங்கினீர்கள். ஆனால் பழியைப் போட்டது உங்கள் வாய். அதுவும் பட்டறையில் எல்லாரையும் வைத்துக்கொண்டு. எடுப்பதும் அதே வாயாக, அதே ஆட்கள் முன்னால் இருக்க வேண்டும். வராந்தாவில் நாலு பேர் முன்னால் நான் உங்களைச் சொன்னது உங்களுக்கு எப்படி இருந்தது என்று மூன்று பக்கம் எழுதினீர்களே. அவனுக்கு எழுத வரவில்லை, சம்பந்தி. நான் எழுதுகிறேன்.

சாமியப்பன்


அருள்புரம்
18.10.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து மறுபடி படித்தேன். அந்த மூன்று பக்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அது எரிச்சலாக இருந்தது. நான் எழுதியது ஒன்றரைப் பக்கம்தான்.

நேற்று பட்டறையில் தீபாவளி போனஸ், ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிற நாள். இரண்டு ஷிப்ட் ஆட்களும் முற்றத்தில் உப்புக் குவியலுக்கு முன்னால் நின்றார்கள். தரணியும் கீர்த்தனாவும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிகாஷையும் வரச் சொல்லியிருந்தேன். கடைசியில் தனியாக நின்றான்.

வாணலைக் கொண்டு வரச் சொன்னேன். கன்னையன் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹைட்ரோஸைக் கொட்டி, எல்லாரும் பார்க்கத் தண்ணீர் விட்டேன். குப்பாயி அம்மா, "ஏனுங்க மொதலாளி, இது எதுக்குங்க இப்ப?" என்றார். நெடி கிளம்பியது, எல்லாரும் முந்தானையால், துண்டால் மூக்கைப் பொத்தினார்கள். தீ தெரிந்தது. அப்போது சொன்னேன்.

"பிகாஷ் பீடி குடிக்கலைங்க. பூஜை அன்னைக்குத் தெளிச்ச தண்ணியிலதான் இப்படித் தீ புடிச்சுது. தெளிச்சது நானு. பொய்ப் புகார் குடுத்ததும் நானு."

மேடை கிடையாது, மைக் கிடையாது. பாய்லர் சத்தத்தில் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டி வந்தது. முதல் தடவையைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. இந்திக்காரர்களுக்குத் தரணி இந்தியில் சொன்னான்.

குப்பாயி அம்மாதான், "அப்ப இத்தன நாளு அந்தப் பையனப் பேசுன பேச்சு? அத எங்க போய்க் கொட்டறதுங்க?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

பிகாஷைக் கூப்பிட்டேன். ஸ்வீட் பாக்ஸை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், முழங்கை வரை கட்டு. எதால் வாங்குவான்? நான் நீட்டிய கையோடு நின்றேன். இத்தனை நாளில் அந்தக் கையை நான் சரியாகப் பார்த்ததே இல்லை, சம்பந்தி. ஆஸ்பத்திரி பில்லைத்தான் பார்த்திருக்கிறேன்.

பெட்டியை நானே எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். அங்கே இருக்கும்போது அவன் அம்மா போன் போட்டார். காதில் வைத்து நான் பிடித்தேன். முதலாளி இங்கேதான் இருக்கிறார் என்று சொன்னான் போல. அந்தப் பக்கம் அழுகையும் கோபமும் கலந்து ஒரே சத்தம். அந்த அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது என்று பிகாஷ் என் முகத்தைப் பார்த்தான். தண்ணீரால் தீப்பிடித்தது என்றால் யார் நம்புவார்? நானே நம்பவில்லையே.

எனக்கு உங்கள் உதாரணம்தான் ஞாபகம் வந்தது. "சுண்ணாம்பு தாளிக்கிற மாதிரின்னு சொல்லு" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சுவரைக் காட்டினேன், தண்ணீர் ஊற்றுகிற மாதிரியும் பொங்குகிற மாதிரியும் கையால் செய்து காட்டினேன். அவன் முகம் தெளிந்தது. அவர்கள் பாஷையில் வேகமாகச் சொன்னான். எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது, நடுவில் சூனா, சூனா என்று மட்டும் கேட்டது, சுண்ணாம்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் போல.

சத்தம் நின்றது. அந்த அம்மா மெதுவாக ஏதோ கேட்டார். பிகாஷ் சொல்லத் தயங்கினான். பரவாயில்லை, சொல்லு என்றேன்.

"அம்மா கேக்குது சார். உன் மொதலாளி ஊட்டுல சுண்ணாம்பே அடிச்சதில்லையான்னு."

போனை அவன் காதிலிருந்து எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்டேஷனில் மின்கசிவை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஹைட்ரோஸுக்குத் தனி அறை கட்ட இடம் குறித்திருக்கிறேன். வருகிற பூஜையில் எல்லா மூடியும் திறக்கும், அந்த அறை மட்டும் பூட்டியிருக்கும். சாமி கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

தலை தீபாவளிக்குத் தரணியும் கீர்த்தனாவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே வருகிறார்கள். பிகாஷுக்குக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வேளாவேளைக்குச் சோறு ஊட்ட ஆள் வேண்டும். கூட இருந்தவர்கள் பாயோடு திரும்பி வந்துவிட்டார்கள், ஆனால் தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள். அதனால் அன்றைக்கு நான் இங்கேதான் இருப்பேன். உங்களுக்கு நேரம் இருந்தால் வாருங்கள். பொரிகடலை இல்லை, ஸ்வீட் பாக்ஸ் இருக்கிறது.

மகுடேஸ்வரன்